தொழிற்சங்கமும் உள்ளூர்க் கட்சியும்: உறவை அடியிலிருந்து கட்டுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் கட்சியின் நகரச் செயலாளர் சங்க அலுவலகத்துக்கு வருவார். தேநீர் வரும். "எத்தனை பேர் இருக்கீங்க, எத்தனை ஓட்டு விழும்?" என்று கேட்பார். சங்கச் செயலாளர் ஒரு எண்ணைச் சொல்வார். அப்புறம் அடுத்த தேர்தல் வரை அந்தப் படியை அவர் ஏறமாட்டார். இடையில் சங்கத்துக்காரர்கள் கட்சி அலுவலகத்துக்குப் போனால், அது யாராவது ஒருவருடைய பிள்ளையின் கல்லூரி இடத்துக்கோ இடமாற்றத்துக்கோ ஒரு கடிதம் வாங்கத்தான் இருக்கும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் தொழிற்சங்கத்துக்கும் கட்சிக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

மேற்கு மாவட்டத்தில், பஞ்சாலைகளும் விசைத்தறிகளும் உள்ள ஒரு சிறிய ஊரில், 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சங்க வேலை பார்த்துவருகிறேன். இந்த உறவு நன்றாக இருந்த காலமும் பார்த்திருக்கிறேன், அறுந்து கிடந்த காலமும் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்சியாக இருந்தாலும், எந்தச் சங்கமாக இருந்தாலும், கிளை அளவில் இதை எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரிந்த வரையில் வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் வேண்டும் என்பதை முதலில் பேசித் தீருங்கள்

எங்கள் ஊர் ஆலை ஒன்றில் இரண்டாம் ஷிப்ட் இரவு 10 மணிக்கு முடியும். கடைசி டவுன் பஸ் 9.50-க்கே போய்விடும். பெண் தொழிலாளர்கள் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் பாதி தூரத்துக்குத் தெருவிளக்கு கிடையாது. நிர்வாகத்திடம் கேட்டோம். "கேட்டுக்கு வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். பஸ் டிப்போவில் சங்கத்தின் லெட்டர்பேடில் மனு கொடுத்தோம். அது எந்தக் கோப்பில் போனது என்று இன்றுவரை தெரியாது.

அந்த வார்டின் கவுன்சிலர் ஒரு பெண்மணி. ஒருநாள் இரவு அவரை ஆலை வாசலுக்கு வரச் சொன்னோம். வந்தார். பேச்சு எதுவும் இல்லை. அந்தப் பெண்களோடு கைபேசி வெளிச்சத்தில் கடைசி வீடு வரைக்கும் நடந்தார். செருப்பு அறுந்து, கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அடுத்த நகராட்சிக் கூட்டத்தில் விளக்குக்குத் தீர்மானம் வந்தது. அவருடைய கட்சி மாவட்டக் குழு சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்துப் பேசி, பஸ் நேரத்தை 10.15-க்கு மாற்ற வைத்தது.

சங்கத்துக்குக் கட்சி ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். தொழிலாளியின் வாழ்க்கையில் பாதி வாசலுக்கு வெளியே இருக்கிறது. குடிதண்ணீர், ரேஷன், பட்டா, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எதுவும் சம்பளப் பேச்சுவார்த்தையில் வராது. கட்சிக்குச் சங்கம் ஏன் வேண்டும் என்றால், ஒரே இடத்தில் நாள்தோறும் கூடுகிற, சந்தா கட்டிப் பழகிய, கூட்டம் நடத்தத் தெரிந்த மனிதர்கள் வேறு எங்கும் கிடைக்கமாட்டார்கள்.

இந்த இரண்டையும் உங்கள் நிர்வாகக் குழுவில் வெளிப்படையாகப் பேசுங்கள். "நமக்கு எதற்கு அரசியல்" என்பவர் ஒருவராவது இருப்பார். அவரை அடக்கிவிடாதீர்கள், பேசவிடுங்கள். பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே ஒரு கசப்பு நடந்திருக்கும். அது என்னவென்று கேட்டால், நீங்கள் எதைச் செய்யக்கூடாது என்ற பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும்.

படி 1: சங்கத்தில் யார் யார் என்று எழுதிப் பாருங்கள்

பெரிய சங்கங்கள் யாரோடு நிற்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஏஐடியுசி என்றால் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, சிஐடியு என்றால் மார்க்சிஸ்ட் கட்சி, தொமுச என்றால் திமுக, அண்ணா தொழிற்சங்கப் பேரவை என்றால் அதிமுக, ஐஎன்டியுசி என்றால் காங்கிரஸ். இது மேல்மட்டக் கணக்கு. கீழே வந்தால் படம் வேறு. சிவப்புக் கொடிச் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர் வீட்டுச் சுவரில் வேறு தலைவர் படம் இருக்கும். கூலி உயர்வுக்கு ஒரு சங்கம், ஓட்டுக்கு ஒரு கட்சி என்று பிரித்துவைத்திருப்பவர்கள்தான் அதிகம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆகவே ஒரு நோட்டை எடுத்து உறுப்பினர்களை ஷிப்ட் வாரியாக, குடியிருக்கும் வார்டு வாரியாக எழுதுங்கள். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், வெளிமாநிலத்தவர் என்று தனித்தனியாகக் குறியுங்கள். யார் எந்தக் கட்சி என்று எழுதாதீர்கள். அந்த நோட்டு நிர்வாகத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும், காரணம் புரியும். கைபேசி எண்களையும் கட்சிக்கு அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். சங்கத்தை நம்பித்தான் அவர் எண் கொடுத்திருக்கிறார்.

வார்டு வாரியாக எழுதினால் ஒரு விஷயம் உடனே தெரியும். எங்கள் ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பகுதி மூன்றே வார்டுகளில் இருந்தார்கள். கட்சியோடு பேசவேண்டியது அந்த மூன்று கிளைகளோடுதான் என்று அன்றே முடிவானது.

படி 2: சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது

இதில் நிறையச் சங்கங்கள் கவனக்குறைவாக இருக்கின்றன. பிறகு போட்டிச் சங்கமோ நிர்வாகமோ புகார் கொடுத்தால் பதிவுக்கே ஆபத்து வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சங்கத்தின் பொது நிதியை எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு பட்டியல் போட்டது. அதில் அரசியல் இல்லை. அரசியல் வேலைக்கென்று தனி நிதி வைத்துக்கொள்ள 16-ஆவது பிரிவு வழிவிட்டது. சட்டமன்றத்துக்கோ நகராட்சி போன்ற உள்ளாட்சிக்கோ நிற்கும் வேட்பாளரின் செலவு, அரசியல் கூட்டங்கள், துண்டறிக்கை, வாக்காளர் பதிவு போன்றவற்றுக்கு அந்த நிதியைத்தான் எடுக்க வேண்டும். அந்த நிதிக்கு யாரையும் கட்டாயப்படுத்தி வசூலிக்க முடியாது. கொடுக்காதவருக்குச் சங்கத்தின் எந்தப் பலனையும் மறுக்க முடியாது. கொடுத்தால்தான் உறுப்பினராகச் சேர்ப்போம் என்றும் சொல்ல முடியாது. அந்த 1926 சட்டத்துக்குப் பதிலான தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அதிலும் இந்தத் தனி நிதி ஏற்பாடு இருக்கிறது.

நடைமுறையில் இதற்கு அர்த்தம் என்ன? தனி ரசீதுப் புத்தகம், தனி வங்கிக் கணக்கு, தனி வரவுசெலவு. சந்தா ரசீதிலேயே "கட்சி நிதி 20" என்று ஓரத்தில் எழுதி வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கட்சிக்காரர்களுக்கும் ஒரு விஷயம்: வருமான வரிச் சலுகை பெறும் கட்சி 2,000 ரூபாய்க்கு மேல் உள்ள நன்கொடையை ரொக்கமாக வாங்கக்கூடாது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான்.

அடுத்தது பொறுப்பாளர்கள். ஆலை, தொழிற்சாலை போன்ற அமைப்புசார்ந்த இடங்களில் வெளியாள்கள் பொறுப்பாளராக இருக்கலாம். ஆனால் மொத்தப் பொறுப்பாளர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதற்குமேல் போகக்கூடாது. அமைச்சராக இருப்பவர் பதிவுபெற்ற சங்கத்தில் பொறுப்பில் இருக்கவே முடியாது. 2001 திருத்தத்தில் வந்த விதி இது. உங்கள் சங்கத்தின் கௌரவத் தலைவர் நாளை அமைச்சரானால், அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்கள் தனி வகை. நடத்தை விதிகள் அவர்களைக் கட்சியில் சேரவிடாது, தேர்தல் வேலையில் கட்சிக்காக இறங்கவும் விடாது. அவர்களைக் கட்சி மேடையில் ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் கெடுதல். அவர்களோடு உள்ள உறவு கோரிக்கை அளவில் மட்டும் இருக்கட்டும்: அவர்கள் மனு கொடுக்கட்டும், கட்சி அதை மன்றத்தில் எழுப்பட்டும்.

படி 3: ஒரே ஒரு கோரிக்கையில் தொடங்குங்கள்

1908-இல் தூத்துக்குடியில் நடந்ததைத் தெரிந்துகொள்வது இதற்குப் பெரிய உதவி. கோரல் ஆலைத் தொழிலாளர்கள் பிப்ரவரி கடைசியில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம், வார விடுமுறை கிடையாது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். அந்தக் கைதைக் கண்டித்து அதே தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்த இரண்டாவது நிறுத்தத்தில் கூலிக் கோரிக்கை கிடையாது. முழுக்க முழுக்க அரசியல்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கூலிக்கும் ஓய்வுக்கும் தலைவர்கள் தொழிலாளிகளோடு நின்றார்கள். பிறகுதான் தொழிலாளிகள் தலைவர்களுக்காக நின்றார்கள். இந்த வரிசையை மாற்றிப் போட்டு வெற்றிகண்ட ஒரு ஊரையும் நான் பார்த்ததில்லை.

ஆகவே கட்சியோடு உட்காரும் முதல் கூட்டத்தில் நாற்பது அம்சக் கோரிக்கைப் பட்டியலை நீட்டாதீர்கள். மூன்று மாதத்துக்குள் முடியக்கூடிய, கண்ணுக்குத் தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் குடிநீரும், ஆட்டோ நிறுத்தத்துக்கு நிழற்கூரை, தறிக்கூடப் பகுதியில் அங்கன்வாடி, இஎஸ்ஐ மருந்தகத்தில் மாலை நேர மருத்துவர் என்று ஏதாவது ஒன்று. அது உள்ளாட்சியிலோ சட்டமன்ற உறுப்பினர் அளவிலோ தீரக்கூடியதாக இருக்க வேண்டும். டெல்லியில் தீரவேண்டியதை முதல் வேலையாக எடுத்தால் மூன்று மாதத்தில் எல்லோரும் சோர்ந்துபோவார்கள்.

படி 4: ஆளுக்கு ஒரு பொறுப்பாளர், மாதம் ஒரு கூட்டம்

சங்கத்தில் ஒருவர், கட்சியில் ஒருவர். அவர்கள் பெயரை இரண்டு பக்கத்துத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். சங்கத்தின் தலைவரையே கட்சித் தொடர்புக்கும் போடாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே பேச்சுவார்த்தை, தொழிலாளர் துறை, வழக்கு என்று தலைக்குமேல் வேலை. இளம் தொழிலாளி ஒருவர், முடிந்தால் ஒரு பெண், இந்தப் பொறுப்பில் இருந்தால் ஒரே ஆண்டில் நல்ல தலைவராக வளர்ந்துவருவார்.

மாதம் ஒருமுறை உட்காருங்கள். ஒருமுறை சங்க அலுவலகம், மறுமுறை கட்சி அலுவலகம். ஒரு மணி நேரம் போதும். நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, கோரிக்கை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், என்ன ஆனது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த கூட்டம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் நோட்டில் ஒரு சாக்கடை அடைப்பு தொடர்ந்து ஏழு மாதம் "நடக்கிறது" என்றே இருந்தது. எட்டாவது மாதம் கவுன்சிலரே வெட்கப்பட்டு முடித்துவைத்தார்.

படி 5: கட்சிக்காரரை வாசலுக்குக் கூட்டிவாருங்கள், முறையோடு

நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஒரு போனஸ் சமயத்தில், நிர்வாகக் குழுவில் கேட்காமலேயே ஒரு கட்சியின் மாவட்டப் பொறுப்பாளரை வாயில் கூட்டத்துக்கு அழைத்துவிட்டேன். அவர் போனஸைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார், எதிர்க்கட்சியைத் திட்டி இருபது நிமிடம் பேசினார். வேறு கட்சியில் இருந்த உறுப்பினர்கள் சத்தம் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த மாதம் சந்தா வசூலுக்குப் போனபோது பலர் "அப்புறம் பார்க்கலாம் தோழர்" என்றார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவர ஓர் ஆண்டுக்கும் மேலானது. அந்த ஆண்டு போனஸில் நாங்கள் எதிர்பார்த்தது கிடைக்காமல் போனதற்கும் அந்த விரிசல் ஒரு காரணம்.

வாயில் கூட்டம் என்பது ஷிப்ட் மாறும் பத்து, பன்னிரண்டு நிமிடம்தான். உள்ளே போகிறவர் கையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும், வெளியே வருகிறவர் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும், இருவருக்கும் அவசரம். அங்கே பொதுக்கூட்டப் பேச்சு செல்லாது. வருகிற கட்சிக்காரரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: ஐந்து நிமிடம்தான். கோரிக்கையைப் பற்றி மட்டும்தான். இன்ன தேதிக்குள் இதைச் செய்வேன் என்று ஒன்றாவது சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் காரில் ஏறிப் போகாமல் பக்கத்து டீக்கடையில் அரை மணி நேரம் உட்காரட்டும். உண்மையான பேச்சு அந்தப் பெஞ்சில்தான் நடக்கும். "சார், என் பிஎஃப் பணம் ரெண்டு வருசமா கணக்குல ஏறல" என்று ஒருவர் வந்து நிற்பார். அதைக் குறித்துக்கொண்டு போய் ஒரு வாரத்தில் பதில் சொன்னால், அந்த ஆலையில் அந்தக் கட்சிக்கு ஒரு நல்ல பெயர் வந்துவிடும்.

எதிர்த்திசையிலும் நடக்க வேண்டும். கட்சியின் நகரக் குழு, ஒன்றியக் குழுக் கூட்டங்களில் சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்து, தொழில் நிலைமையைப் பதினைந்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். நூல் விலை ஏறினால் தறிக்கூடத்தில் என்ன நடக்கும், ஒப்பந்த முறையில் ஆள் எடுத்தால் நகராட்சி ஊழியருக்கு என்ன இழப்பு என்பது பல கட்சிக்காரர்களுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டவர் கவுன்சிலில் எழுந்து பேசும்போது வித்தியாசம் தெரியும். கட்சிக்குள் இருக்கும் தொழிலாளர் அணி இந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். பல ஊர்களில் அந்த அணி பேனரில் மட்டும்தான் இருக்கிறது.

படி 6: நலவாரிய முகாம்

ஆலை இல்லாத ஊர்களில் இதுதான் சிறந்த தொடக்கம். தமிழ்நாட்டில் 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் பல வாரியங்கள் இருக்கின்றன. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-இல் வந்தது. கொத்தனார், சித்தாள், ஆட்டோ ஓட்டுநர், தையல்காரர், வீட்டுவேலை செய்பவர், சலவைத் தொழிலாளி எல்லோருக்கும் இடம் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, பேறுகாலத்துக்கு, விபத்துக்கு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியத்துக்கு உதவி கிடைக்கும். ஆனால் பதிவு செய்யத் தெரியாமலும், புதுப்பிக்க மறந்தும் இழப்பவர்கள் ஏராளம்.

கட்சி இடமும் நாற்காலியும் கணினியும் தரட்டும். சங்கம் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்களைத் தரட்டும். ஞாயிறு காலை, கொத்தனார்கள் வேலைக்குக் கூடும் முக்குக்குப் பக்கத்தில் நடத்துங்கள். ஒரு பைசா கமிஷன் வாங்கக்கூடாது. இதில் மட்டும் நான் எந்தச் சமாதானத்துக்கும் வரமாட்டேன். நலவாரிய அட்டைக்குக் காசு வாங்கியவர் எந்தப் பொறுப்பில் இருந்தாலும் அன்றே நீக்குங்கள். கணவரை விபத்தில் இழந்த ஒரு பெண்ணிடம் இழப்பீட்டு மனுவுக்காக ஒருவர் "செலவுக்கு" என்று கேட்டதை நேரில் பார்த்தவன் நான். அந்தத் தெருவில் மறுபடி எங்கள் கொடியை ஏற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

வெளிமாநிலத் தொழிலாளர்களையும் இதில் சேர்க்கப் பாருங்கள். ஓட்டு இல்லாதவர்கள் என்று கட்சிகள் அவர்களைப் பார்ப்பதே இல்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பலர் பயந்து ஊருக்குக் கிளம்பியது நினைவிருக்கும். அவர்கள் தங்கும் லைன் வீட்டுக்கு ஏற்கெனவே போய்வந்து, முகம் தெரிந்த ஒருவர் இருந்தால், அப்படிப்பட்ட நேரத்தில் அவர் சொல்லை நம்புவார்கள். இந்தியில் ஒரு துண்டறிக்கையும், பேசத் தெரிந்த ஒரு தோழரும் போதும் தொடங்குவதற்கு.

படி 7: தேர்தல் வரும்போது

தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே வாக்காளர் பட்டியலைக் கையில் எடுங்கள். வேலைக்காக வீடு மாறுகிறவர்கள் தொழிலாளர்கள்தான், பெயர் விட்டுப்போவதும் அவர்களுக்குத்தான். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. படி 1-இல் எழுதிய வார்டு நோட்டு இப்போது உதவும். யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று கேட்காமல் எல்லோருக்கும் செய்துகொடுங்கள்.

வேட்பாளர் அறிவித்ததும், எழுத்துவடிவில் ஒரு கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்துப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஐந்து கோரிக்கைக்கு மேல் வேண்டாம். பதிலைச் சங்க உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவையில் வாசித்துக்காட்டுங்கள். ஆதரவுத் தீர்மானம் வேண்டுமென்றால் பேரவையில் வாக்கெடுப்பு நடத்துங்கள். நான்கு பேர் அறைக்குள் உட்கார்ந்து முடிவெடுத்துச் சுவரொட்டி ஒட்டாதீர்கள். தீர்மானம் தோற்றுப்போனால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நிர்வாகிகள் தனிப்பட்ட முறையில் கட்சிக்கு வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை.

வாக்குப்பதிவு நாளன்று ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவுப்படி அன்று சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும், தினக்கூலிக்கும் உண்டு. ஒப்பந்ததாரர்கள் இதைத் தருவதே இல்லை. ஒரு வாரம் முன்பே சங்கமும் கட்சியும் சேர்ந்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கடிதம் கொடுங்கள், தொழிலாளர் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எங்கள் ஊரில் இப்படிக் கொடுத்த முதல் தேர்தலில், ஒரு தறிக்கூடப் பெண் வந்து "பதினஞ்சு வருசத்துல இன்னிக்குத்தான் அவசரமில்லாம போய் ஓட்டுப் போட்டேன்" என்றார்.

படி 8: கட்சி எதிர்ப்பக்கம் நின்றால்

இந்த உறவு உண்மையானதா என்பது இங்கேதான் தெரியும். நட்புக் கட்சி ஆட்சிக்கு வரும், அல்லது ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருக்கும். அப்போது தொழிலாளிக்கு எதிரான ஒரு முடிவு வரும்.

2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. திமுகவின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. சங்கங்கள் போராட்டத்துக்குத் தயாராயின. மூன்றே நாளில், 24-ஆம் தேதி, மசோதா நிறுத்திவைக்கப்படுவதாக முதல்வர் அறிவித்தார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்தைப் பதிவு செய்வதே பெரிய போராட்டமாக இருந்தது. அப்போதும் இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், விசிக போன்ற ஆளும் கூட்டணிக் கட்சிகளின் தலைவர்கள் தொழிலாளர்கள் பக்கம் வந்து நின்றார்கள். சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது.

கூட்டணியில் இருந்துகொண்டே எதிர்க்க முடியும் என்பதற்கு இவை கண்முன் உள்ள சாட்சிகள். உள்ளூர் அளவில் அதற்கு வழிசெய்ய, உறவு தொடங்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: சம்பளம், வேலை நேரம், வேலைப் பாதுகாப்பு, சங்க உரிமை இந்த நான்கிலும் சங்கம் தன் முடிவைத் தானே எடுக்கும். கட்சி ஏற்காவிட்டாலும் போராடும். போராட்ட அறிவிப்புக்கு முன் கட்சிக்குத் தகவல் சொல்லும், அனுமதி கேட்காது. கட்சியும் தன் தேர்தல் முடிவுகளில் சங்கத்தின் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இதை எழுதும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் சங்கடப்படும். பரவாயில்லை, எழுதுங்கள். நகராட்சித் தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும் தீர்மானம் நட்புக் கட்சியின் கையாலேயே வரும் நாளில் அந்தக் காகிதம் வேண்டியிருக்கும்.

உறவைக் கெடுப்பவை

முதலாவது சாதி. சென்னை பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு போன்றோர் முன்நின்றார்கள். மூன்றே ஆண்டில், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் எதிரெதிரே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது. நீதிக்கட்சி, காங்கிரஸ் சண்டையும் அதற்குள் புகுந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. நூறாண்டு கழித்தும் சாதிக் கணக்குப் பார்த்து வேட்பாளர் போடும் கட்சி, அந்தக் கணக்கைச் சங்கத்துக்குள்ளும் கொண்டுவரப் பார்க்கும். வாசலிலேயே நிறுத்துங்கள். உங்கள் நிர்வாகக் குழுவில் தலித் தொழிலாளர்களும் பெண்களும் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது போட்டிச் சங்கம். ஒரே ஆலையில் ஐந்து கொடி பறக்கும். புதிய சட்டத்தொகுப்பின்படி 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைக்கான ஒரே சங்கம். அப்படி யாரும் இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த குழு. இனிமேல் மற்றக் கொடிகளோடு பேசாமல் காலம் தள்ள முடியாது. உங்கள் கட்சி நண்பர் மேடையில் அந்தக் கட்சியைத் திட்டினாலும், கூலிப் பேச்சுக்கு நீங்கள் அந்தச் சங்கத்தோடு ஒரே மேசையில் உட்காரத்தான் வேண்டும். இதைக் கட்சியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கட்டப்பஞ்சாயத்து. தொழில் தகராறில் கட்சிக்காரர் தனியாக முதலாளியைப் பார்த்துப் பேசி முடிப்பது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் கூடாது. நிர்வாகத்தோடு பேச்சு என்றால் சங்க நிர்வாகிகள் இல்லாமல் ஒரு வார்த்தையும் நடக்கக்கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் வர வேண்டும், பேரவையில் வாசிக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம் நிர்வாகக் குழுவில் பேசி முடிவெடுங்கள், வார்டு நோட்டை எழுதுங்கள், ரசீதையும் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். இரண்டாம் மாதம் கட்சியோடு முதல் கூட்டம், பொறுப்பாளர் இருவர், ஒரே கோரிக்கை, அந்த ஒரு பக்க உடன்பாடு. மூன்றாம் மாதம் ஒரு வாயில் கூட்டமும் ஒரு நலவாரிய முகாமும். மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து ஐந்தாவது கட்டத்தைப் பாருங்கள். அங்கே ஒரு வரியாவது "முடிந்தது" என்று இருந்தால், அதை ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஆலைக்கு எதிரே உள்ள டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் ஊரில் 10.15 பஸ் வந்த அன்று அப்படி ஒட்டிய தாள், மழையில் நனைந்து மங்கிப்போன பிறகும் ரொம்ப நாள் அங்கேயே இருந்தது. கடைக்காரர் கிழிக்கவே இல்லை.